கோத்தகிரி டீச்சரின் வேகன்ஆர் காலையில் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

கேள்வி: நான் கோத்தகிரியில் இருக்கும் பள்ளி ஆசிரியை. என்னுடையது 2005 மாடல் மாருதி வேகன்ஆர், பெட்ரோல் வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு வருடமாக டிசம்பர் வந்தாலே தொல்லை. காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. நாலைந்து தடவை அடித்த பிறகு உதறிக்கொண்டு பிடிக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். ஐந்து நிமிடம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மதியம் பள்ளியிலிருந்து கிளம்பும்போது தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் இரவு தங்கினால் அங்கே காலையிலும் ஒரே அடியில் எடுக்கிறது. புகையோ பெட்ரோல் வாசனையோ இல்லை. பேட்டரியும் நான்கு பிளக்கும் மாற்றியாயிற்று. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், கோளாறு எதுவும் காட்டவில்லை. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள், பல ஆயிரம் ஆகும் போலிருக்கிறது. மாற்றலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். பம்ப்பை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் ஒரே அடியில் எடுக்கிறது என்று. அந்த வரியை உங்கள் மெக்கானிக்கிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவர் பம்ப் பக்கம் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பம்ப் சந்தேகம் ஏன் வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது முட்டாள்தனமான சந்தேகம் இல்லை. டாங்கிக்குள் இருக்கும் பம்ப்பில் ஒரு ஒருவழி வால்வு உண்டு. வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் திரும்பி டாங்கிக்குள் இறங்காமல் லைனிலேயே அழுத்தத்தோடு நிற்க வைப்பது அதன் வேலை. அந்த வால்வு தேய்ந்தால் இரவு முழுக்க அழுத்தம் மெல்லக் கசிந்து, காலையில் லைன் காலியாக இருக்கும், அதை நிரப்புவதற்குள் செல்ஃப் பத்து சுற்றுச் சுற்றிவிடும். மதியம் நாலு மணி நேரம்தானே நின்றது, அதற்குள் முழுதும் கசிந்திருக்காது, அதனால் தொட்டவுடன் எடுக்கும். எல்லாம் உங்கள் கதையோடு பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த வால்வுக்குக் கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று வித்தியாசம் தெரியாது. கசிகிற வால்வு அக்கா வீட்டு வாசலிலும் இரவு முழுக்கக் கசியத்தான் செய்யும். அங்கே ஒரே அடியில் எடுக்கிறது என்றால் பிரச்சினை இரவில் இல்லை, குளிரில் இருக்கிறது.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். மலைமேல் காற்று லேசு, அதனால்தான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அது பெரிய விஷயம். உங்களுடையதில் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது, அது பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். தவிர, மதியமும் நீங்கள் அதே உயரத்தில்தான் இருக்கிறீர்கள், அப்போது வண்டி நன்றாகத்தானே எடுக்கிறது.

சரி, குளிரில் என்ன நடக்கிறது? பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அப்பா காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணியது ஞாபகம் இருக்கும். எரிவது திரவமாக இருக்கும் பெட்ரோல் இல்லை, ஆவிதான். குளிர்ந்த இன்ஜினில் தெளித்த பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகாமல், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரிலும் இன்ஜின் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும், குளிர்காலத்தில் குளியலறைச் சுவரில் முத்து முத்தாய் நிற்குமே அந்த மாதிரி. சூடான இன்ஜினுக்கு எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. குளிர்ந்த இன்ஜினை எழுப்ப அதைவிடப் பல மடங்கு பெட்ரோல் ஊற்றினால்தான் எரிகிற அளவுக்கு ஆவி தேறும். அந்தக் காலத்தில் சோக் இழுத்தது அதற்குத்தான். உங்கள் வண்டியில் சோக் கிடையாது, கம்ப்யூட்டரே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து அந்த வேலையைச் செய்கிறது. எவ்வளவு நேரம் என்பதை அது எப்படி முடிவு பண்ணுகிறது? கூலன்ட் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பித்தளை சென்சார் சொல்வதை வைத்து. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

இந்த சென்சார் ஒரு எளிமையான சாமான். உள்ளே பாசிமணி மாதிரி ஒரு உருண்டை இருக்கிறது, குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும், சூடாகச் சூடாக இறங்கும். உங்கள் வண்டி வந்த காலத்து மாருதிகளில் பூஜ்யம் டிகிரியில் 6 கிலோ ஓம் ஒட்டி, 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் வெறும் 300 ஓம் என்ற கணக்கில் இருக்கும். இருபது வருடம் கொதிக்கும் தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் மாறி மாறிக் கிடந்தால் சிலது கணக்கு மாறிவிடும். முழுசாகச் செத்துப் போனால் நல்லது, கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்குப் போட்டுவிடும். பாதி செத்ததுதான் ஆபத்து. வெளியே 7 டிகிரி இருக்கும்போது அது 35 டிகிரி என்று சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பும், ஏனென்றால் 35 என்பது நடக்கக்கூடிய எண்தானே, அதில் தவறு என்று கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. ஸ்கேனரில் கோளாறு வராததற்குக் காரணம் இதுதான். பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும், பிடிக்காது, பிடித்தாலும் உதறும், காலை எடுத்தால் நிற்கும், சூடானதும் சென்சாரின் பொய்யும் நிஜமும் ஒன்றாகிவிடுவதால் எல்லாம் சரியாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் ஜனவரிக் காலையில் 20 டிகிரி ஒட்டி இருக்கும், அங்கே பொய்யின் அளவு சின்னது, வண்டி சமாளித்துக்கொள்கிறது. புகை இல்லை, பெட்ரோல் வாசனை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவும் இதையே சொல்கிறது. இன்ஜெக்டர் ஒழுகி பெட்ரோல் மிஞ்சிப் போயிருந்தால் பிடித்தவுடன் கறுப்பாய்க் கக்கியிருக்கும், தெருவே நாறியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில வருடம் முன்பு குன்னூரிலிருந்து இதே மாதிரி ஒரு வண்டி கோவையில் என் பட்டறைக்கு வந்தது. மூன்று முறை வந்தது. வருவதற்குள் மணி பதினொன்று ஆகிவிடும், மலை இறங்கி வந்த இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும், நான் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். ராத்திரி பட்டறையில் விட்டுப் போனாலும் கோவைக் காலைக்கு அது நன்றாகவே எடுத்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே கிளம்பிப் போய் அவர்கள் வீட்டில் தங்கி, காலை ஐந்தே முக்காலுக்கு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். பானெட் மேல் பனி நீர் வழிகிறது, விரல் மரத்துப்போய் கனெக்டரின் கிளிப் கையில் அகப்படவில்லை. ஒருவழியாகக் கழற்றி மல்ட்டிமீட்டர் வைத்தால் 1.3 கிலோ ஓம் காட்டுகிறது. அந்தக் குளிருக்கு நாலு கிலோ ஓமாவது காட்ட வேண்டும். அதாவது கம்ப்யூட்டர் இன்ஜின் 36 டிகிரியில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது, எனக்கோ பல் கிட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மலையிலிருந்து வரும் எந்த வண்டியையும் நான் காலைக் குளிரில் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதில்லை.

அதனால் உங்கள் வண்டியையும் பட்டறையில் பார்த்துப் பிரயோஜனமில்லை, உங்கள் வீட்டு வாசலில், நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இன்ஜின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் முழுசாகக் குளிர்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் அன்றைய வாய்ப்பு முடிந்தது. ஒரு காலைக்கு ஒரு சோதனை, அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது எதற்குக் காரணம் என்று குழம்பிவிடும்.

முதல் நாள், சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரியும் இடத்தில் நிறுத்துங்கள். பின்பக்கமிருந்து 'ங்ங்ங்' என்று இரண்டு மூன்று வினாடி ஒரு முனகல் கேட்கும், அதுதான் பம்ப். முனகல் நின்றதும் சாவியை அணையுங்கள், மறுபடி போடுங்கள், மறுபடி முனகட்டும். இப்படி மூன்று நான்கு தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். லைனில் அழுத்தம் கசிந்திருந்தால் இதற்குள் நிரம்பியிருக்கும், வண்டி ஒரே அடியில் எடுக்கும். அப்படி எடுத்தால் நான் மேலே எழுதியதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு வால்வு, பம்ப், லைன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர் பக்கம் போகலாம். எடுக்கவில்லை, வழக்கம் போல நாலைந்து தடவை அடித்த பிறகுதான் என்றால் பம்ப்புக்குச் செலவு பண்ணாமல் தப்பித்தீர்கள். முனகலே கேட்கவில்லை என்றால் அது வேறு கதை, ரிலே, ஃபியூஸ் பார்க்க வேண்டும், ஆனால் உங்களுக்கு அது இருக்காது, அப்படி இருந்தால் மதியமும் எடுக்காது.

இரண்டாம் நாள், ஆக்சிலேட்டரை ஒரு நூல், நாணயத்தின் கனம் அளவுக்கு மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்றுக்கு வழி திறக்கும் த்ராட்டில் பாடியில் கரி அடைத்திருக்கிறது. கால் வைக்காதபோது இன்ஜினுக்குக் காற்று போவது ஒரு சின்னப் பக்கவழியாகத்தான், அதைத் திறந்து மூடும் ஐடில் வால்வு கரி பிடித்து இறுகினால், குளிர்ந்த இன்ஜின் கேட்கும் கூடுதல் காற்று கிடைக்காது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று எழுதியிருப்பதால் இதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 1,12,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அதை யாரும் கழற்றிச் சுத்தம் பண்ணியதாக நீங்கள் எழுதவில்லை. எப்படியும் செய்யவேண்டிய வேலைதான், கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் மெத்தென்ற துணியும் போதும், அரை மணி நேரம். வால்வின் ஊசி முனையைக் கையால் அழுத்தவோ திருகவோ கூடாது என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். நிறைய வால்வு சுத்தம் பண்ணும்போதுதான் சாகிறது.

மூன்றாம் நாள்தான் முக்கியமானது. இதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் வேண்டும், உங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் நிச்சயம் ஒன்று இருக்கும், ஒரு வெப்பமானியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி வந்த காலத்து வண்டிகள் பலவற்றில், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பக்கம் இரண்டு சென்சார் இருக்கும். ஒற்றை ஒயர் போவது டாஷ்போர்டு முள்ளுக்கு, இரண்டு ஒயர் போவது கம்ப்யூட்டருக்கு. நமக்கு வேண்டியது இரண்டு ஒயர் உள்ளது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'சென்சார் மாத்தியாச்சே' என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் பாதிக்கு ஒற்றை ஒயர் சென்சாரைத்தான் மாற்றியிருப்பார்கள். முள் சரியாக ஏறி இறங்குகிறது, அதனால் சென்சார் நல்லது என்று முடிவு பண்ணுவதும் இதே தவறுதான், முள்ளுக்குத் தகவல் தருவது வேறு ஆள்.

சாவி அணைந்திருக்க வேண்டும். கனெக்டரின் கிளிப்பை அழுத்திப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், இருபது வருடத்து ஒயர் கையோடு வந்துவிடும். முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறதா பாருங்கள். சென்சாரின் இரண்டு ஊசியிலும் மீட்டரை வைத்து ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே வெப்பமானி காட்டுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி என்றால் 3.7 கிலோ ஓம் ஒட்டி, 5 டிகிரி என்றால் 4.7 ஒட்டி வரவேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. இரண்டுக்குக் கீழே, ஒன்றரை, ஒன்று என்று காட்டினால் திருடன் அகப்பட்டான்.

அகப்பட்டதும் உடனே கடைக்கு ஓடவேண்டாம், மறுநாள் காலை இன்னொரு சோதனை பண்ணினால் சந்தேகம் துளியும் இருக்காது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று கேளுங்கள், ஓரிரண்டு ரூபாய்தான், மஞ்சள், ஊதா, சிவப்பு வரி போட்டிருக்கும். மறுநாள் காலை சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு துளையிலும் ரெசிஸ்டரின் இரண்டு காலையும் மெல்லச் செருகி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள். கம்ப்யூட்டருக்கு இப்போது யாரோ 5 டிகிரி என்று உண்மையைச் சொல்கிறார்கள். அதே குளிர், அதே பெட்ரோல், அதே பம்ப், வண்டி பட்டென்று பிடித்துச் சீராக நின்றால் வேறு எதையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட விடாதீர்கள், அணைத்துவிட்டு ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பழைய கனெக்டரை மாட்டுங்கள். சிலர் 'வேலை செய்யுதே' என்று ரெசிஸ்டரையே டேப் சுற்றி நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூடான பிறகும் 5 டிகிரி என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜ் போகும், பிளக் கரியாகும், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்து போகும், அதன் விலை நீங்கள் மாற்றவிருந்த பம்ப்பைவிட அதிகம்.

மீட்டர் கையாளத் தயக்கமாக இருந்தால் இன்னொரு வழி. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் உள்ளூர்க்காரர்தானே, அவரைக் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கோளாறு எண் எதுவும் படிக்க வேண்டாம், அந்த நேரத்து அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இரண்டையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும். ஒன்று 8, இன்னொன்று 34 என்று இருந்தால் அவருக்கே புரிந்துவிடும்.

சென்சார் மாற்றுவது பெரிய வேலை இல்லை, விலையும் பம்ப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆறிய இன்ஜினில் மட்டும் செய்யவேண்டும், கழற்றியதும் கொஞ்சம் கூலன்ட் வழியும், புது வாஷர் போட்டு அளவாக முறுக்கவேண்டும், பித்தளை மரை, பலத்தைக் காட்டினால் வழுக்கிவிடும். வழிந்த கூலன்ட்டை நிரப்பி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. கூலன்ட் குறைந்து சென்சார் தண்ணீரில் முங்காமல் காற்றில் தொங்கினால் புது சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். இப்போதே ஒரு காலையில் கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஆறியிருக்கும்போது.

அதே இடத்தில் இன்னொன்றும் கேட்கவேண்டும். கோத்தகிரியில் ஓட்டும்போது டாஷ்போர்டு முள் பாதி வரை ஏறுகிறதா, அல்லது அடியிலேயே கிடக்கிறதா? அடியிலேயே கிடந்தால் யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று கழற்றி எறிவது சமவெளிப் பட்டறைகளில் பல காலமாக இருக்கும் பழக்கம், எனக்கு அதில் கடும் கோபம் உண்டு. அந்த வால்வு இல்லாமல் மலையில் ஓடும் இன்ஜின் சூடேறவே ஏறாது, கம்ப்யூட்டர் எந்நேரமும் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கும், அது ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

ஆயில் என்றதும் ஞாபகம் வருகிறது, கடைசியாக என்ன ஆயில் போட்டார்கள் என்று பில்லைப் பாருங்கள். 20டபிள்யூ-50 என்று இருந்தால் அது கோத்தகிரிக் காலைக்குத் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். உங்கள் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று எழுதியிருப்பதால் இது முதல் குற்றவாளி இல்லை, இருந்தாலும் அடுத்த முறை 10டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-30 கேளுங்கள். பேட்டரி புதிது, அதை விட்டுவிடலாம். வேண்டுமானால் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9.6க்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள், இறங்கினால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டச் சொல்லுங்கள்.

பனிமூட்டமான காலையில் மட்டும் அதிகமாகவும், குளிர் இருந்தும் மூட்டம் இல்லாத காலையில் குறைவாகவும் படுத்துகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்படி இருந்தால் பிளக்குக்குப் போகும் கனமான ஒயர்களில் வெடிப்பு இருக்கலாம், ஈரத்தில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியே தாவிவிடும். பிளக் மாற்றியபோது ஒயரை மாற்றினார்களா? இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து வேறு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள், தாவினால் ஊதா நிறத்தில் பளிச் பளிச்சென்று கண்ணுக்கே தெரியும். கை வைத்துவிடாதீர்கள்.

பெட்ரோல் பற்றியும் கேட்பீர்கள், இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருகிறது, 2005 மாடல் வண்டி அதற்கென்று செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும், ஆகவே குளிர்க் காலையில் ஸ்டார்ட் ஆவது கொஞ்சம் கடினமாகத்தான் செய்யும். ஆனால் நாலைந்து தடவை அடிக்கவைக்கும் அளவுக்கு அது மட்டுமே காரணமாகாது, உங்கள் ஊரில் அதே பெட்ரோலில் அதே வயது வண்டிகள் காலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டாங்கியைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள், வியாபாரம் நன்றாக ஓடும் பங்க்கிலேயே போடுங்கள். பழைய பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், இது ஸ்டார்ட்டிங்குக்காக இல்லை, தீ விபத்துக்காக.

இதெல்லாம் சரியாகும்வரை சில நாள் அப்படித்தானே ஓட்டியாக வேண்டும். ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அடித்துவிட்டு அரை நிமிடம் விடுங்கள். யாராவது ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணித் தருகிறேன் என்று வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், அப்படி ஊற்றும்போது உள்ளிருந்து தீ திருப்பி அடித்து முழங்கை வரை வெந்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சரிவு ரோட்டில் வண்டியை உருட்டிவிட்டு கியரில் போட்டு எடுப்பது எல்லோருக்கும் கைவந்த கலை, தெரியும். ஆனால் இன்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று அழுத்தலுக்கு மேல் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். கோத்தகிரி வளைவுகளில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். கடைசியாக, குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே ஐந்து நிமிடம் இன்ஜினைச் சூடு பண்ணுகிறவர்கள் மலையில் நிறையப் பேர். புகை கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது, கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். முதலில் கதவைத் திறங்கள், அப்புறம் சாவியைப் போடுங்கள். பிடித்ததும் ஒரு நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடலாம், ஓட்டத்தில்தான் இன்ஜின் சீக்கிரம் சூடேறும்.

சோதனை எதிலும் ஒன்றும் அகப்படவில்லை, ஓம் கணக்கு சரியாக இருக்கிறது, ரெசிஸ்டர் போட்டும் அதே உதறல்தான் என்றால் மட்டும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு 3 பார் ஒட்டி இருக்க வேண்டும், அணைத்து ஒரு நிமிடம் கழித்தும் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். அதற்கு அடுத்தது இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்), இன்ஜின் வால்வு இடைவெளி. அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் காலை மீட்டர் காட்டிய ஓமையும் வெப்பமானி காட்டிய டிகிரியையும் எனக்கு எழுதி அனுப்புங்கள் டீச்சர், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எடுத்த அளவு மட்டும்.